கிலோமீட்டரை மட்டும் போட்டால் போதாது, ஏற்றத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை மாதம் சேலம் பக்கத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வழிகாட்டியோடு போகும் மலை நடை விழா நடக்கப்போகிறது என்று உங்கள் நாளிதழில் வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் பேர் கொடுத்துவிட்டோம். மூன்று நாள் விழா, ஒவ்வொரு நாளும் நான்கைந்து தடங்கள், பிடித்த தடத்தில் சேர்ந்துகொள்ளலாம், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று உள்ளூர் வழிகாட்டிகள் வருவார்கள் என்று போட்டிருந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் 6 கி.மீ., 9 கி.மீ., 12 கி.மீ. என்று தூரம் இருக்கிறது, 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று ஒரு சொல் இருக்கிறது. எத்தனை மீட்டர் ஏற வேண்டும், எத்தனை மீட்டர் இறங்க வேண்டும் என்பது மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. விழாவுக்குப் பேர் கொடுத்தாயிற்று, எந்தத் தடம் என்று முடிவு செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

நாங்கள் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. இங்கிருந்து ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே மட்டம்தான், கடலுக்கு மேல் சில மீட்டர். மழைத் தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் போய் நின்றுகொள்கிற ஊர் இது. உயரம் என்று பார்த்தால் ஒன்று மேம்பாலம், இன்னொன்று கொடுங்கையூர் குப்பை மேடு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் தினமும் ஏறி இறங்குகிறவருக்கு எளிது என்பது ஒன்று, எங்களுக்கு எளிது என்பது வேறு. அந்தச் சொல்லை யாருடைய காலை வைத்து முடிவு செய்தார்கள் என்று தெரியாமல் நாங்கள் எதை நம்புவது?

நடை எங்களுக்குப் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கி.மீ. கிரிவலம் சுற்றிவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து வந்து, குளித்துவிட்டு அன்றைக்கே எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். புரட்டாசியில் திருப்பதிக் குடை யானைகவுனி தாண்டும்போது கூடவே நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிரிவலம் மலையைச் சுற்றித்தான் போகிறது, மலை மேல் ஏறுவதில்லை. வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. தான், கிரிவலத்தில் பாதிகூட இல்லை, ஆனால் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை உச்சிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். போய் வந்த எங்கள் தெருப் பையன், ஜிம்முக்குப் போகிறவன்தான், அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினான்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொல்லிவைத்தது, மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் 5 கி.மீ.-க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இதன்படி கிரிவலத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவுதான் ஆகும். வெள்ளியங்கிரிக்கு, தூரம் பாதிக்கும் குறைவு என்றாலும், ஏறுவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட அதே மூன்று மணி ஆகிவிடுகிறது. அதுவும் பழக்கப்பட்ட ஆள், நல்ல பாதையில், நிற்காமல் போனால். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதில் இன்னொரு பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், போட்டோ எடுக்கிற கூட்டம் என்றால் ஒரு மடங்கையே சேர்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் நடக்கிற நடை விழாக்களின் கையேட்டில் தூரத்துக்குப் பக்கத்திலேயே மொத்த ஏற்றத்தையும் போடுவது சாதாரண வழக்கம். அதைப் போட ஒரு வரிகூடத் தேவையில்லை, ஒரு எண் போதும். வழிகாட்டி தடத்தைப் பார்த்து வைக்கப் போகும்போது செல்போனைக் கையில் வைத்திருந்தால் அதுவே ஓரளவு சரியாகச் சொல்லிவிடும்.

முன்பு ஒரு குழுவோடு இப்படித்தான் போனோம், குழுவின் பேர் வேண்டாம். எளிது, 5 கி.மீ. என்றார்கள். எளிதுதான், கடைசி மூன்று கிலோமீட்டர். ஏற்றம் மொத்தமும் முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை. கூட வந்த அக்கா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அரை மணி நேரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் சிவந்து, பேச்சு வரவில்லை. வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பையன் பொறுமையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தான். குழுவை நடத்தியவரோ மேலேயிருந்து சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஏற்றம் இவ்வளவு, அது ஆரம்பத்திலேயே வந்துவிடும் என்று முன்னாடியே தெரிந்திருந்தால் அந்த அக்கா வேறு தடத்துக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் மெதுவாகத் தொடங்கியிருப்பார்.

ஏற்றம் இத்தனை மீட்டர் என்று தெரிந்தால்தான் தயாரிப்பும் கைகூடும். இது உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். மலை இல்லாத ஊரில் எதை வைத்துப் பழகுவது? மாடிப்படிதான். எங்கள் பக்கத்தில் பழைய வாரியக் குடியிருப்புகளில் லிப்ட் கிடையாது, தரைத் தளத்தோடு சேர்த்து நான்கு தளம், மொட்டை மாடி வரை ஏறினால் சுமார் 12 மீட்டர். 300 மீட்டர் ஏற்றம் என்று அறிவிப்பில் இருந்தால் 25 முறை ஏறி இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே அதைச் செய்யச் சொல்லவில்லை, ஐந்தாறில் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், தை பிறப்பதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் போதும், கடைசி வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

படிக்கட்டில் பழகுவது கேட்பதற்கு எளிது. ஒவ்வொரு திருப்பத்திலும் குடம் வரிசையாக இருக்கும், இரண்டாவது மாடியில் யாராவது மீன் வறுப்பார்கள், மூன்றாவது மாடியில் சைக்கிள் குறுக்கே சாத்தியிருக்கும், குழந்தைகள் எதற்கென்று தெரியாமலே நம் பின்னால் ஓடிவரும். "இன்னாக்கா, எத்தயாவது தொல்சிட்டியா, சும்மா ஏறி எறங்கினே கீற?" என்று கேட்காத வீடு கிடையாது. இப்போது கேட்ட வீட்டுப் பெண்களில் இரண்டு பேர் எங்களோடு ஏறுகிறார்கள், அது வேறு கதை. முதுகில் ஒரு பையை மாட்டி, முதலில் இரண்டு லிட்டர் தண்ணீர், அப்புறம் நான்கு லிட்டர் வைத்துக்கொண்டு ஏறினால் மலைக்குக் கொண்டுபோகிற சுமையும் பழகிவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுமையோடு ஏறலாம், ஆனால் ஆரம்ப வாரங்களில் அதே சுமையோடு இறங்கக் கூடாது, முட்டி போய்விடும். நாங்கள் மேலே போனதும் மொட்டை மாடியில் இருக்கிற தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பாட்டிலோடு இறங்குவோம், கீழே மறுபடி நிரப்பிக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வராத நாளில் இது நடக்காது, அன்றைக்கு சுமை இல்லாத ஏற்றம்.

படிக்கட்டு கிடைக்காதவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. தியாகராயா கல்லூரி நிலையம் நிலத்தடியில் நன்றாக ஆழமாகவே இருக்கிறது, எல்லோரும் நகரும் படியில் நின்றுகொண்டு போகிறார்கள், பக்கத்துப் படிக்கட்டு காலியாகக் கிடக்கிறது. வேலைக்குப் போய் வருகிற நேரத்திலேயே ஏறிவிடலாம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நடைக்கு ராயபுரம் ராபின்சன் பூங்கா, 1949-ல் திமுக தொடக்க விழாப் பொதுக்கூட்டம் நடந்த அதே பூங்காதான், அங்கே சுற்றலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் மட்டும் நடக்கப் போக வேண்டாம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புழுதியைக் குடித்துக்கொண்டு நடப்பது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைப் படுத்தும், இதை யாரும் எழுதுவதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பு எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கம் இல்லாத தசைக்குள் இதனால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அந்த வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் முழுசாக வெளியே வரும். மூன்று நாள் விழாவில் முதல் நாளே பெரிய இறக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மீதி இரண்டு நாளும் அறையில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால்தான் இறக்கத்தின் மீட்டரையும் சேர்த்துப் போடுங்கள் என்கிறேன். நல்ல விஷயம் என்னவென்றால், இந்தத் தசை சீக்கிரம் கற்றுக்கொள்ளும், ஒருமுறை வலித்துவிட்டுப் பழகினால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. ஆகவே படிக்கட்டில் இறங்குவதையும் பயிற்சியாகவே செய்ய வேண்டும், கைப்பிடியில் தொங்கிக்கொண்டு தடதடவென்று ஓடி இறங்காமல், முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தை முழுசாக வைத்து, மெதுவாக. கையில் ஊன்றுகோல் இருந்தால் முட்டிக்கு விழும் பாரம் குறையும், கடையில் விற்கும் மடக்குக் கோல்தான் வேண்டும் என்பதில்லை, நல்ல மூங்கில் கழி போதும்.

ஷூ விஷயத்தில் எங்கள் தெருவில் பெரிய விவாதமே நடந்தது. செருப்போடு திருப்பதியே ஏறியிருக்கிறோம், வெறுங்காலோடும் ஏறியிருக்கிறோம், இதற்குப் போய் ஷூவா என்று ஒரு கட்சி. திருப்பதி அலிபிரி பாதையில் 3,550 படியும் கல்லில் வெட்டிப் போட்டது, மேலே கூரை, நடுநடுவே கடை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து ஓரமாகவும் காட்டுக்குள்ளும் போகிற பாதையில் காய்ந்த சருகு, அதற்கடியில் உருண்டைக் கல், பனி ஈரம். அடிப்பாகம் வழவழப்பாகத் தேய்ந்துபோன ஸ்போர்ட்ஸ் ஷூவும் அங்கே செருப்புக்குச் சமம்தான். ஆழமாகப் பள்ளம் வெட்டிய அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், விலை அதிகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாயங்காலம் கடைக்குப் போங்கள், பாதம் நாள் முழுக்க நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும், போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள், விரல் முன்னால் இடிக்காமல் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கும், இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும், அதனால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். புது ஷூவை மலையில்தான் முதலில் போடுவேன் என்று பெட்டியிலேயே வைத்திருப்பவர்களிடம் ஒன்றும் சொல்வதற்கில்லை, கொப்புளம் சொல்லிக்கொள்ளும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரமும் உராய்வும் சேர்ந்தால்தான் கொப்புளம், சிந்தெடிக் அல்லது கம்பளி கலந்த சாக்ஸ் நல்லது. குதிகாலில் சுரீர் என்று எரிய ஆரம்பித்தவுடனேயே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும், வழிகாட்டி என்ன நினைப்பார் என்று கூச்சப்பட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

துணிமணி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம், ஜீன்ஸ் நனைந்தால் காயாது. உயரம் ஏற ஏற ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறு டிகிரி குறையும், ஏற்காடு 1,500 மீட்டர், அதற்கு மேல் சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கும் மேல். மெரினா காற்றுக்கே குரங்குக் குல்லா போடுகிற நாங்கள் தை மாதத்து விடியற்காலையில் அங்கே எப்படி இருப்போம் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரே தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறினால் பத்து நிமிடத்தில் வியர்த்து, நிற்கும்போது அந்த வியர்வையே குளிராகிவிடும், மெல்லியதாக இரண்டு மூன்று துணி போட்டுக் கழற்றிக் கழற்றி மாட்டுவதுதான் சரி. மூச்சுத் திணறும், உயர நோய் வரும் என்றெல்லாம் யூடியூபைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். ஏற்காட்டில் மூச்சு வாங்கினால் காரணம் மலை இல்லை, மாடிப்படி ஏறாததுதான்.

செண்டு, வாசனைத் தைலம் எதுவும் பூசிக்கொண்டு போக வேண்டாம், மலைத்தேனீ இருக்கும் இடங்களில் அது வினை. ஏற்காட்டில் காட்டெருமை தோட்டத்துக்குள் வந்து போகும், வழிகாட்டியை முந்திக்கொண்டு வளைவைத் தாண்டக் கூடாது, போட்டோவுக்காக ஒதுங்கி நிற்கக் கூடாது. வழிகாட்டிகளில் பலரும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், எந்தப் புதருக்குப் பின்னால் எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு யோசனை உண்டு. முதல் நாள் ராத்திரி செகண்ட் லைன் பீச்சில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மலையேறலாம் என்று என் தம்பி சொன்னான், அவனை விட்டுவிட்டுப் போகிறோம். புளிசாதம் நல்ல துணை, கெடாது, ஆனால் காரத்தைக் குறைத்துச் செய்ய வேண்டும். நடக்கும்போது வயிறு முட்டச் சாப்பிடாமல் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் என்று மணிக்கொரு தரம் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டால் போதும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், தாகம் எடுத்த பிறகு ஒரே மடக்காகக் குடிப்பதைவிட அடிக்கடி ஓரிரு மடக்கு. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் விட்டுவிடுவதுதான் மலையில் நடக்கும் தப்பு. பெண்கள் இன்னொரு காரணத்துக்காகவும் குடிக்காமல் இருக்கிறார்கள், தடத்தில் கழிப்பிடம் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதே அறிவிப்பில் இல்லை. ஏற்றத்தைப் போடும்போது அதையும் சேர்த்துப் போடலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சர்க்கரை, பிரஷர், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் பேர் கொடுப்பதற்கு முன்னால் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், நடக்கலாமா என்று பொதுவாகக் கேட்டால் நடங்கம்மா நல்லது என்றுதான் சொல்வார், இத்தனை மணி நேரம், இத்தனை மீட்டர் ஏற்றம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அந்த எண் எங்கள் கையில் இருந்தால்தானே கேட்க முடியும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் அன்றைக்கு அளவை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அவரிடமே கேட்டுவிட்டு, சட்டைப்பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும், பைக்குள் அடியில் இல்லை.

இவ்வளவு தொல்லைக்கு நாமே நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போய்விடலாமே, வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்கள், பெண்கள், பலர். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிமுறைகள் வந்தன, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும்படி திறந்துவிட்டது, 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று மூடியும் வைத்தது. விழாவைத் தை மாதத்தில் வைத்திருப்பதால் அந்தக் கவலை குறைவு. இருந்தாலும் அனுமதி எண், வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர், அவசரத்துக்கு வண்டி எந்த இடம் வரை வரும் என்ற விவரங்களையும் விழாக்காரர்களிடம் கேட்டு வாங்கி நீங்கள் போடலாம், பத்திரிகை கேட்டால் பதில் வரும், நாங்கள் கேட்டால் காத்திருங்கள் என்று பாட்டுப் போடுகிறார்கள்.

படிக்கட்டில் மட்டும் பழகிவிட்டு நேராகச் சேர்வராயன் மலைக்குப் போவதைவிட நடுவில் ஒரு முறையாவது உண்மையான மேட்டில் ஏறிப் பார்ப்பது நல்லது. எங்களுக்குக் கிட்டத்தில் சுலபமானது திருத்தணி. அரக்கோணம் வழியாக மின்சார ரயில் இருக்கிறது, 365 படி, காலையில் போய் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு, சாமியும் கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். டிசம்பர் 31 மட்டும் வேண்டாம், அன்றைக்குப் படித் திருவிழா, படிக்கொரு கூட்டம் நிற்கும், பயிற்சி நடக்காது. பரங்கிமலை சுமார் 300 அடிதான், ஆரம்பத்துக்கு அது போதும். கரடுமுரடான பாதை வேண்டும் என்றால் திருவள்ளூர் மாவட்டம் பூண்டி பக்கம் கூடியம் குகை, அரசு திறந்த அந்தத் தடங்களில் அதுவும் ஒன்று, கற்கால மனிதர்கள் தங்கியிருந்த இடம். ஏற்றம் அதிகம் இல்லை, ஆனால் உருண்டைக் கல்லும் முள்ளுமாக ஷூவைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. ஆளுக்கு ஐம்பது நூறு என்று மாதாமாதம் சீட்டு மாதிரிப் போட்டு வைத்திருக்கிறோம், அதில் இந்தப் பயணச் செலவும் அடக்கம்.

இன்னொரு விஷயம், இது மலையைப் பற்றியது இல்லை, ஆனால் எங்களுக்கு மலையைவிடப் பெரியது. புறப்படும் இடம் கிளாம்பாக்கம், காலை 5 மணி என்று போட்டிருக்கிறீர்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளாம்பாக்கம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், முதல் மெட்ரோவே 5 மணிக்குத்தான் கிளம்புகிறது. ஆட்டோவில் வந்தால் விழாவுக்குக் கட்டிய பணத்தில் பாதி அதற்கே போய்விடும். ராத்திரியே வந்து பஸ் நிலையத்தில் படுத்திருந்து, தூக்கமில்லாமல், சேலம் வரை உட்கார்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுத்து, அன்றைக்கே முதல் நடை என்றால் மாடிப்படியில் பழகியதெல்லாம் வீண். சென்ட்ரலிலிருந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, படுத்துத் தூங்கினால் விடிவதற்குள் சேலம். தாம்பரம், வேளச்சேரிக்காரர்கள் கிளாம்பாக்கத்தில் ஏறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, வடசென்னைக்காரர்களைச் சேலம் ஜங்ஷன் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டால் போதும், அங்கே நிற்கிறோம். ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், அதனால் இதற்கு மட்டும் சீக்கிரம் ஒரு பதில் வாங்கிப் போடுங்கள். கடிதம் நீளம் என்று வெட்டுவதாக இருந்தால் புளிசாதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், ஏற்றக் கணக்கையும் இந்தக் கடைசிப் பத்தியையும் வெட்டாமல் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை